பெல் முகட்டுப் பாதைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில் இந்த ஆண்டுக் குளிர்கால நடைகள் நல்லபடியாக முடிந்தன. ஆரஞ்சு பீல் கேப் என்னும் மலை இடைவெளி வழியாக ஏறி, 3,004 மீட்டர் உயரமுள்ள கதீட்ரல் பீக்கின் தோளைத் தொட்டு, பெல் பாறையைச் சுற்றிக்கொண்டு லெசோத்தோ மேட்டின் விளிம்பை அடைந்து, ம்லாம்போஞ்சா கணவாய் வழியாக இறங்குவதுதான் பெல் முகட்டுப் பாதை. வரைபடத்தில் அழகான கோடு. தரையில் பல இடங்களில் ஒரு பாதம் வைக்கும் அகலம்தான். சில இடங்களில் அதுவும் இல்லை. கோடை இடிமழை மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, மிச்சத்தைப் புல் மூடிவிடுகிறது. அங்கே குளிர்காலத்தில் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் காரணமானவர்களுக்கு இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் அவர்கள் செய்த வேலையை மட்டும் எழுதுகிறோம்.

முதல் நன்றி, வழிகாட்டும் கற்குவியல் வைத்துக் கொடுத்தவர்களுக்கு. ஒரு குவியலில் நின்று பார்த்தால் அடுத்தது கண்ணில் பட வேண்டும். பாதை திரும்பும் இடத்திலும், நீர்வழியைக் கடக்கும் இரு கரைகளிலும் கட்டாயம் ஒன்று வேண்டும். கணுக்கால் உயரக் குவியலைப் பனி மூடிவிடும் என்பதால் முழங்கால் உயரத்துக்கு, அடியில் தட்டையான பெரிய கல்லைப் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். படம் எடுப்பதற்காகக் கல் அடுக்குகிறவர்கள் தயவுசெய்து அதை வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் இறங்கிய வேளையில் தவறான ஒரே ஒரு குவியல் போதும், ஆளை ஒரு புல்திட்டுக்கு இழுத்துப்போய்ச் செங்குத்துப் பாறையின் உச்சியில் விட்டுவிடும்.

பனிக்கோடாரிகளையும் பூட்ஸில் மாட்டும் இரும்பு முள் சட்டங்களையும் இரவல் தந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணனுக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறோம். பொருளைவிட அவர் தந்த விளக்கம் மதிப்பு மிக்கது. ஜூன், ஜூலையில் இங்கே நண்பகல் சூரியன் வடக்கில் சுமார் 40 பாகை உயரத்தில் தாழ்வாகவே நிற்கிறது. வடக்கு பார்த்த சரிவில் சட்டையோடு நடக்கலாம். அதே நேரத்தில், முகட்டுக்கு அந்தப் பக்கம் தெற்கு பார்த்த நீர்வழியில் வெயிலே படாது. அங்கே விழுந்த பனி பகலில் லேசாக இளகி, இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். தட்டையான பாதைக்கு என்று விற்கும் ரப்பர் பட்டை முட்கள் அந்தச் சரிவில் பிடிக்காது, காலை விட்டு நழுவும். முன்பல் உள்ள முழுச் சட்டமும் கோடாரியும் வேண்டும், இரண்டையும் பயன்படுத்தக் கீழேயே பழகியிருக்கவும் வேண்டும். பழகாதவர் கையில் கோடாரி இருப்பது இல்லாததைவிட மோசம் என்பார் அண்ணன். ஐந்தாறு மீட்டர் அகலமுள்ள உறைந்த நீர்வழிதானே என்று தாண்டப் பார்க்காமல் திரும்பிவிடச் சொன்னதும் அவர்தான்.

பனியைவிட அதிகம் வழுக்குவது காய்ந்த புல். அதன் தாள்கள் கீழ்நோக்கிப் படுத்திருக்கும். அதன்மேல் பாதத்தை நேராக வைத்தால் சறுக்கும், விளிம்பைப் பதித்துக் குறுக்காக வைக்க வேண்டும். பசால்ட் என்னும் எரிமலைப் பாறையும் நம்பத்தக்கது இல்லை. விரிசலில் உறைந்த நீர் காலை வெயிலில் இளகும்போதுதான் கல் உருளத் தொடங்கும், ஆகவே ஒருவர் கையூன்றி ஏறி முடிக்கும்வரை அடுத்தவர் அவருக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. இப்படி நடந்தால் மணிக்கு 2 கிலோமீட்டர்கூடக் கிடைக்காது. பகலோ சுமார் 10 மணி நேரம்தான்.

வானிலை பார்த்துத் தினமும் செய்தி அனுப்பிய டர்பன் அக்காவுக்கு நன்றி. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து திடீரென வெதுவெதுப்பான பெர்க் காற்று வீசினால் எல்லோருக்கும் சந்தோஷம், அவருக்கு மட்டும் கவலை. காற்றழுத்தமும் சேர்ந்து இறங்கினால் பின்னாலேயே தென்மேற்கிலிருந்து குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) வருகிறது என்று பொருள். காற்று திசை மாறிய சில மணி நேரத்தில் பனி கொட்டலாம். அவர் "வேண்டாம்" என்றால் நடை ரத்து. வாக்குவாதம் கிடையாது.

காப்பக அலுவலக ஊழியர்கள், பதிவேட்டில் பாதை, இறங்கும் கணவாய், கூடாரத்தின் நிறம், உறவினர் தொலைபேசி எண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுத வைத்தார்கள். திரும்பியதும் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டால், இல்லாத ஆளைத் தேடி வேறு யாரோ இரவில் மலை ஏற வேண்டிவரும்.

1891 முதல் இயங்கும் தென்னாப்பிரிக்க மலையேற்றக் கழகத்தின் மீட்புத் தொண்டர்களையும் விமானப்படை ஹெலிகாப்டர் குழுவினரையும் இந்தப் பருவத்தில் அழைக்க நேரவில்லை. அவர்கள் ஆயத்தமாக இருந்ததற்கே நன்றி. மேகம் மூடினால் ஹெலிகாப்டர் வராது. ஆகவே ஒவ்வொரு முதுகுப்பையிலும் ஓர் இரவைத் தாங்கும் பொருள் இருந்தாக வேண்டும்: −10 பாகைக் குளிருக்கான உறைப்படுக்கை (உள்ளே புகுந்து தூங்கும் பை), அடியில் நுரைப்பாய், கூடுதல் மின்கலத்தோடு தலைவிளக்கு.

லெசோத்தோ நாட்டுப் பாசோத்தோ மேய்ப்பர்களுக்கு இந்த நன்றி எப்படிப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. விளிம்புக்கு மேலே நாம் பாதை என்று நடப்பதில் பாதி அவர்கள் மாட்டுத் தடம். குளிர்காலத்தில் மந்தையோடு கீழே ஊருக்கு இறங்கிவிடுவதால் வழி கேட்க ஆள் இருக்காது, தடம் மட்டும் இருக்கும்.

ஆடிக் கஞ்சி வேலைக்கு நடுவிலும் ரொட்டி சுட்டுத் தந்த, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி அத்தைகளுக்கு: குழம்பு உறைந்துவிடுகிறது என்றதும் உருளைக்கிழங்கை ஈரமில்லாமல் வதக்கி ரொட்டியில் சுருட்டித் தந்தீர்கள், கையுறையோடு சாப்பிட முடிந்தது. எரிவாயுக் கடை நடத்தும் தம்பி, சுத்த பியூட்டேன் 0 பாகைக்குக் கீழே ஆவியாகாது என்று புரொப்பேன் கலந்த குப்பிகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைத்தால் வாய் உறையாது, தண்ணீர் வடிகட்டியை உறைப்படுக்கைக்குள் வைக்காமல் உறையவிட்டால் அதன் இழை வெடித்துவிடும் என்ற இரண்டும் அவரிடம் கற்றவையே.

இரவல் கோடாரிகளைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறோம். அண்ணன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் மலைநடைத் தமிழர்கள்