கியர் லீவரை வீசுமுன் அதன் அடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் அக்கரைப்பற்று அன்பர் ஒருவர் எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். மாமனார் விட்டுப்போன மொரிஸ் மைனர் காரின் கியர் லீவர் ஆட்டம் கண்டுவிட்டதாம். கொழும்பில் பழைய ஒரிஜினல் லீவர் ஒன்றும், அதே மாதிரிக்குப் புதிதாகச் செய்த லீவர் ஒன்றும் இருக்கின்றன, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். நான் இரண்டையும் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தவள். அவர் பணத்தைக் கட்டுவதற்கு முதல் இது அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மைனர் 1000. அப்பா அப்போதிக்கரியாக இருந்தவர். வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையில் நோயாளிகளைப் பார்க்க அந்தக் காரில்தான் போவார். எனக்கு ஓட்டப் பழக்கியவரும் அவரே. "முதல் கியரோடு மல்லுக்கட்டாதே மகள், கார் நிற்கட்டும், அது தானாகப் போகும்" என்பார். மைனரின் நான்கு கியர்களில் முதலாவதற்குச் சிங்க்ரோமெஷ், அதாவது பற்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் அமைப்பு, கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது தள்ளினால் பற்கள் கரகரவென்று அரைபடும். மண்முனைத் துறையில் பாதையில் (வாகனங்களை வாவி கடத்தும் மிதவையில்) காரை ஏற்றும்போதும், பழைய கல்லடிப் பாலத்தடியில் எதிர்ப்பக்கத்து வாகனங்கள் வந்து முடியட்டும் என்று காத்து நிற்கும்போதும் அந்தப் பாடம் என் கைக்குப் பழகிற்று. லீவரின் குமிழில் கியர் இலக்கங்களை வெள்ளையாகப் பதித்திருக்கிறார்கள். அப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டு அதில் '3' பாதி அழிந்துபோயிற்று.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று கார் கல்லடி வீட்டு முற்றத்தில் நின்றது. அந்த நாட்களில் காரை யார் நினைத்தார்கள்? இரண்டு மாதம் கழித்துத்தான் அதன் கதவைத் திறந்தோம். லீவரைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை ஏற்கெனவே கிழிந்திருந்தது. அந்த ஓட்டைக்குள்ளால் கடல் தண்ணீர் கியர் பொக்ஸுக்குள் போயிருக்க வேண்டும். அடியிலுள்ள ஆணியைக் கழற்றியபோது ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. முழுவதையும் கழற்றிக் கழுவிப் பூட்டினோம். கார் ஓடியது. ஆனால் அப்புறம் லீவர் பழையபடி இருக்கவில்லை. கல்முனை வீதியில் வேகம் எடுத்தால் கடகடவென்று அடிக்கும். இரண்டாம் கியர் எங்கே, நான்காம் கியர் எங்கே என்று கை தேட வேண்டியதாயிற்று.

வெகுகாலம் அப்படியே ஓட்டினேன். ஓய்வுபெற்ற பிறகு, சரி, இனி இதை ஒழுங்காகச் செய்வோம் என்று கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே முதலில் கிடைத்தது பழைய ஒரிஜினல் லீவர். அந்தக் காலத்து இரும்பு என்ற ஒரே நம்பிக்கையில் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்தேன். பூட்டினால் அதே கடகடப்பு. வேறொரு காரில் என்னுடையதைப் போலவே நாற்பது ஐம்பது வருடம் உழைத்துத் தேய்ந்த லீவர் அது. ஒரிஜினல் என்ற சொல்லைக் கேட்டதும் தேய்மானத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம்.

அடுத்த முறை வாங்கியது, ஒரிஜினல் என்று தந்தாலும், புதிதாகச் செய்தது. 18,500 ரூபா. குரோம் பூசிப் பளபளவென்று இருந்தது. முதல் வாரம் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. ஐந்து மாதத்தில் மறுபடியும் ஆட்டம். அதற்குள் வாவிக் காற்றில் குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு வந்துவிட்டது. விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: குரோமின் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு, அது வெறும் பளபளப்புக்குத்தான். இரும்பைக் காப்பாற்றுவது அதற்கு அடியிலுள்ள நிக்கல் பூச்சு. நிக்கலில் மிச்சம் பிடித்தால் உப்புக் காற்று உள்ள எங்கள் ஊரில் அது ஒரு மாரிகூடத் தாங்காது. கூடவே தந்த ரப்பர் உறையும் வெயிலில் வெடித்தது. சுனாமித் தண்ணீரை உள்ளே விட்டது அப்படியொரு வெடிப்புத்தான் என்று நினைக்க எனக்கு நெஞ்சு பதறியது.

காத்தான்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒருவரிடம் மூன்று லீவர்களையும் கொண்டுபோனேன். அவர் முதலில் காந்தத்தை எடுத்தார். புதிய லீவரின் தண்டில் ஒட்டியது, அடியிலுள்ள குண்டில் ஒட்டவில்லை. "டீச்சர், தண்டு இரும்பு, குண்டு வெறும் கலவை. இது எப்படித் தாங்கும்?" என்றார். நாகக் (துத்தநாகக்) கலவையில் வார்த்துப் பொருத்திய குண்டு அது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கையின் பலம் முழுவதும் போய்ச் சேருவது அந்தக் குண்டில்தான். அங்கே கடினமான உருக்கு இருக்க வேண்டும்.

பிறகு அப்பாவின் லீவரை எடுத்து வேர்னியர் இடுக்கிமானியால் குண்டை நெடுக்காகவும் குறுக்காகவும் அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் குண்டு உருண்டை, வேறுபட்டால் தேய்ந்தது. ஒரு பக்கம் நன்றாகத் தட்டையாகிவிட்டிருந்தது. "இத எறிஞ்சிராதீங்க டீச்சர், தண்டுல ஒரு குறையும் இல்ல" என்று சொல்லி, குண்டில் வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் கடைந்து, மினுக்கித் தந்தார். குண்டு உட்காரும் கிண்ணத்தை நைலோன் கட்டையிலிருந்து கடைந்தார். கடகடப்பைத் தடுக்கும் ஸ்பிரிங்குகளை மட்டும் புதிதாக வாங்கச் சொன்னார். அவையும் இப்போது புதிதாகச் செய்பவைதான், ஆனால் நல்ல சாமான்கள். எல்லாவற்றுக்குமாக 18,500இன் கால்வாசிகூட முடியவில்லை. நான்கு வருடமாகிறது, லீவர் அமைதியாக நிற்கிறது.

ஆகவே அக்கரைப்பற்று அன்பருக்கு என் வேண்டுகோள், முதலில் லீவரைக் கழற்றி அதன் அடியைப் பாருங்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது குண்டும் கிண்ணமும் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். அவற்றைத் தாராளமாகப் புதிதாகப் போடுங்கள். தண்டையும் குமிழையும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்த சாமான் என்றாலே மட்டம் என்று சொல்பவள் அல்ல நான். நம் நாட்டிலேயே, தெற்கே கொஸ்கொடவில், மொரிஸ் மைனருக்கான உடல் தகடுகளை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யும் தரத்தில் செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்த லீவர் கிடைத்தால் நானே வாங்குவேன்.

லீவரைக் குறை சொல்வதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மைனரின் லீவர் கியர் பொக்ஸோடு சேர்ந்தே ஆடும். எஞ்சினையும் கியர் பொக்ஸையும் தாங்கும் ரப்பர் கட்டைகள் நைந்திருந்தால் எந்த லீவரைப் பூட்டினாலும் ஆட்டம்தான். ஓடும்போது கியர் தானாகக் கழன்று விழுந்தால் நோய் பெரும்பாலும் பொக்ஸுக்குள்ளே, தேய்ந்த பற்களிலோ தளர்ந்த ஸ்பிரிங்கிலோ இருக்கும். அதற்கு லீவர் மாற்றுவது தலைவலிக்குச் செருப்பு மாற்றுவதுபோல. கியர் இறுகிக் கிடந்தால் ஒயிலைப் பாருங்கள். மைனரின் கியர் பொக்ஸுக்கு ஊற்ற வேண்டியது எஞ்சின் ஒயில்தான். அது தெரியாமல் பின் அச்சுக்கு ஊற்றும் தடித்த 90 ஒயிலை இதற்கும் ஊற்றிவிடுகிறார்கள். எனக்கும் ஒரு கராஜில் அப்படி நடந்தது. காலையில் இரண்டாம் கியர் விழவே மறுத்தது, ஒயிலை மாற்றிய அன்றே சரியாகிவிட்டது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் காரின் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். 1956இல் 948 சிசி எஞ்சினோடு மைனர் 1000 வந்தபோதுதான் லீவர் குட்டையானது. அதற்கு முந்தியவற்றில் நீண்டு வளைந்த லீவர். ஒன்று மற்றதற்குப் பொருந்தாது, ஆனால் 'மைனர் லீவர்' என்று கேட்டால் எதையும் எடுத்து நீட்டுவார்கள். குமிழைப் பலவந்தமாகத் திருகாதீர்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களின் மரை அங்குலக் கணக்கு. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர். 8 மில்லிமீற்றர் மரையோடு பார்த்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் புரியின் நெருக்கம் வேறு. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும், நான்காவதில் தண்டின் மரையைத் தின்றுவிடும். புதிய குமிழைப் பூட்டப் போய் அப்பாவின் லீவரை அப்படிப் பழுதாக்கப் பார்த்தேன், நல்ல வேளை காக்கா கையைப் பிடித்துவிட்டார்.

ஒஸ்டின் ஏ40 சமர்செட் போல ஸ்டியரிங் தண்டில் கியர் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். கைபிடிக்கும் லீவரை விட்டுவிட்டு, கீழே கம்பிகளைப் பிணைக்கும் மூட்டுகளையும் அவற்றின் உள்வளையங்களான புஷ்களையும் முதலில் பார்க்க வேண்டும்.

இதை வாசிக்கும் உதிரிப்பாக வியாபாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தப் புதிய லீவரை எனக்கு விற்ற கடைக்காரர் பற்றுச்சீட்டில் 'ஒரிஜினல்' என்றே எழுதித் தந்தார். புதிதாகச் செய்தது என்று எழுதியிருந்தால் குண்டு எதனால் செய்தது என்று கேட்டிருப்பேன், காந்தத்தையாவது கொண்டுபோயிருப்பேன். பழையது என்றால் பழையது, புதிதாகச் செய்தது என்றால் புதிதாகச் செய்தது என்று சீட்டில் இரண்டு சொல் எழுத ஒரு செலவும் இல்லை. ஓய்வூதியக் காசில் தகப்பன் காரையும் மாமன் காரையும் வைத்து ஓட்டும் எங்களுக்கு அந்த இரண்டு சொல் பெரிய உதவி.

அக்கரைப்பற்று அன்பர் லீவரைக் கழற்றி குண்டை இரண்டு பக்கமும் அளந்து, அந்த அளவுகளை இந்தப் பக்கத்திலேயே எழுதினால் காக்காவிடம் காட்டிப் பதில் வாங்கித் தருகிறேன். கழற்றும்போது துளையைத் துணியால் மூடச் சொல்லுங்கள், ஸ்பிரிங் பொக்ஸுக்குள் விழுந்தால் பிறகு பெரிய வேலையாகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.