குளிர்கால மனச்சோர்வுக்கு ஒஸ்டியோபதி மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வை, முதுகெலும்பையும் தசைகளையும் கையால் அழுத்திச் செய்யும் ஒஸ்டியோபதி சிகிச்சையால் போக்கிவிடலாம் என்று தங்கள் பத்திரிகையின் உடல்நலப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் மனநலத் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், அக்கட்டுரை சொல்லாமல் விட்ட சிலவற்றை வாசகர்களுக்குத் தெரிவிப்பது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

இந்த நோய் உண்மையானது என்பதைக் கட்டுரையாளர் ஏற்றுக்கொண்டிருப்பது நல்லதே. நம்மவர் வீடுகளில் இதைச் சோம்பல் என்றும், குளிர் நாட்டில் இப்படித்தான் இருக்கும் என்றும் தள்ளிவிடுவதை நான் ஓயாமல் கேட்டிருக்கிறேன். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் 1984 இல் இதைப் பருவகால மனச்சோர்வு என்னும் தனியொரு நோய்நிலையாக விவரித்தனர். இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வந்ததும் விலகி, மறு ஆண்டு அதே பருவத்தில் திரும்பி வருவது இதன் இயல்பு. மனச்சோர்வு கொண்ட பலருக்குத் தூக்கமும் பசியும் குறைந்துபோகும். பருவகால மனச்சோர்விலோ பெரும்பாலும் எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் தீராது, சோறும் பாணும் இனிப்பும் கேட்டு வயிறு அலையும், எடை கூடும், பிடித்தமானவர்களுடன் பேசுவதற்குக்கூட மனம் வராது.

டிசம்பர் நடுப்பகுதியில் லண்டனில் காலை எட்டு மணியளவில் உதிக்கும் சூரியன் மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் பதினொன்றரை மணி நேரம் உண்டு. அதிகாலையில் கடை திறப்பவர்களும், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து பகலில் உறங்குபவர்களும், பராமரிப்பு இல்லங்களில் நீண்ட முறை வேலை பார்க்கும் பெண்களும் வாரக்கணக்கில் வெயில் முகத்தையே காணாமல் இருக்கிறார்கள். விழித்திரையில் படும் காலை வெளிச்சம்தான் மூளைக்குள் இருக்கும் உயிர்க்கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்கிறது; தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலட்டோனின் என்ற சுரப்பு எப்போது சுரக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதும் அதைப் பொறுத்ததே. விடியல் பிந்தும்போது அந்தக் கடிகாரமும் பிந்துகிறது என்பதே ஆய்வாளர் பலர் முன்வைக்கும் விளக்கம். இந்நோய்க்கான காரணம் முழுவதும் தீர்மானமாகிவிடவில்லை என்றாலும், வெளிச்சக் குறைவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை.

முதுகெலும்பையும் தசைகளையும் கையால் அழுத்தி இளக்குவது இதற்கு எவ்வளவு உதவும்? குளிரில் தோளை உயர்த்திக் குறுகி நடப்பதாலும், வெளியே போகாமல் உட்கார்ந்தே இருப்பதாலும் கழுத்தும் இடுப்பும் இறுகிப்போவது உண்மை. வலி தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மனத்தை மேலும் கீழே இழுக்கும். இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியோடு சேர்த்துக் கைச்சிகிச்சையையும் கருதலாம் என்று இந்நாட்டின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் அமைப்பே 2016 இல் கூறியிருக்கிறது. ஒஸ்டியோபதி இங்கே 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். ஜெனரல் ஒஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்யாத எவரும் தம்மை ஒஸ்டியோபத் என்று அழைத்துக்கொள்ள முடியாது. ஆகவே, வலி உள்ளவர் பதிவு பெற்ற ஒருவரிடம் போவதை நான் குறைகூறவில்லை. ஒரு மணி நேரம் ஒருவர் நம் பேச்சைக் கேட்டு, பரிவோடு உடலைத் தொட்டுச் சிகிச்சை அளிப்பதே தனித்து வாழ்பவருக்கு எவ்வளவு ஆறுதல் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் மனச்சோர்வு நோயைத் தீர்க்கும் சிகிச்சை என்று அதைச் சொல்வதற்கு ஆதாரம் மிகக் குறைவு. அமெரிக்காவில் 2001 இல் வெளியான ஒரு முன்னோடி ஆய்வில், மனச்சோர்வு கொண்ட 17 பெண்களில் ஒஸ்டியோபதி சிகிச்சையும் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்பது சரியே. ஆயினும் அந்தப் பெண்கள் எல்லோரும் மனச்சோர்வு மாத்திரையும் உளவளச் சிகிச்சையும் உடன் பெற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதையும், ஆய்வு பருவகால மனச்சோர்வைப் பற்றியது அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரை உண்மையாகிவிடும். அமெரிக்காவில் ஒஸ்டியோபதி பயின்றவர்கள் மருந்து எழுதும் முழுத் தகுதி பெற்ற மருத்துவர்கள். இங்கே அப்படியில்லை. மண்டையோட்டு எலும்புகளை மெல்ல அசைத்து மனத்தைச் சமன்படுத்துவதாகக் கூறும் முறைக்கு அந்த அளவு ஆதாரமும் கிடையாது.

ஒளிச் சிகிச்சையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததே என்னை மிகவும் வருத்தியது. 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டியின் முன்னால், காலையில் எழுந்தவுடன் சுமார் அரை மணி நேரம் அமர்வதே அது. கடையிலோ அலுவலகத்திலோ நம்மைச் சூழ்ந்திருக்கும் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸைத் தாண்டுவதில்லை. கனடாவில் ரேமண்ட் லாம் குழுவினர் 96 பேரிடம் எட்டு வாரம் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிச் சிகிச்சை பெற்றவர்களிலும் ஃபுளூஒக்செற்றின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களிலும் ஒரே அளவில், அதாவது 67 விழுக்காட்டினர், நன்கு தேறினர். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் 177 பேரிடம் நடத்திய ஆய்வில், சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவளச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, ஒளிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும், இரண்டாம் குளிர்காலத்தில் நோய் திரும்பியது குறைவாக இருந்தது. விளக்குப் பெட்டியைச் சுகாதார சேவை பொதுவாகத் தருவதில்லை, நாமே வாங்க வேண்டும். ஆனால் சில ஒஸ்டியோபதி அமர்வுகளுக்குச் செலவாகும் பணத்தில் நல்லதொன்றை வாங்கிவிடலாம். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் நம் சமூகத்தில் நிறைய உள்ளனர். அவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த விளக்கைப் பயன்படுத்தக் கூடாது.

நான் அஞ்சுவது பணச் செலவைவிடக் காலதாமதத்தையே. நவம்பரில் குடும்ப மருத்துவரிடம் போயிருக்க வேண்டியவர், முதுகு சரியானால் மனமும் சரியாகும் என்று நம்பி ஜனவரி வரை காத்திருந்தால், அதற்குள் வேலையையும் சில வேளை வாழும் விருப்பத்தையும் இழந்துவிடக்கூடும். அத்தகைய நிலையில் வந்தவர்களை நான் பராமரித்திருக்கிறேன். சாக எண்ணம் வருமானால் அமர்வு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்: 111 ஐ அழைத்து மனநலத்துக்கான தெரிவை எடுக்கலாம், சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. சிகிச்சை நிலையம் நடத்துபவரே எழுதித் தரும் கட்டுரையாயின், அதை வாசகர் அறியும்படி தெளிவாகக் குறிப்பிடுங்கள். அடுத்த ஆண்டு, ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மாற்றப்படுவதற்கு முன்பாகவே, இந்நோயின் அறிகுறிகளையும், இங்கிலாந்தில் மருத்துவரின் கடிதமின்றி நேரடியாகவே உளவளச் சிகிச்சைக்கு விண்ணப்பிக்கும் வழியையும், மருத்துவரைச் சந்திக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம் என்பதையும் முதற் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலத் தாதி,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.