கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரிக்கரைத் தெருவிலிருந்து எழுதுகிறேன். நான்கு மனு கொடுத்தவன் என்றால் உங்கள் அலுவலகத்தில் தெரியும். ஏரிப் புனரமைப்பு முடிந்து ஒரு வருஷமாகிறது. அந்தக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை.

தூக்கம் வராத இரவுகளில் 'டெரா நில்' என்றொரு வீடியோ கேம் ஆடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருக்கும் ஃப்ரீ லைவ்ஸ் குழு செய்தது, 2023இல் வந்தது. சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. செத்துப்போன நிலத்தைக் கையில் கொடுப்பார்கள். காற்றாலை வைத்து, மண்ணின் நஞ்சை நீக்கி, தண்ணீர் பாய்ச்சிப் புல் வளர்க்கவேண்டும். அப்புறம் சதுப்பு, பூ, காடு. காட்டுக்கு முன்னால் கொஞ்சம் நெருப்புகூட வைக்கவேண்டும். அந்தச் சாம்பலில்தான் மரம் வரும். மழை விழ ஆரம்பித்ததும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் மழையோடு ஆட்டம் முடிவதில்லை. நாம் வைத்த காற்றாலை முதற்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து, ஆகாயக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டும். அதுதான் கடைசிக் கட்டம்.

உங்கள் ஒப்பந்ததாரர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் வாயிலேயே அவர் போட்ட தகரக் கொட்டகை, தோண்டிக் குவித்த மண், நனைந்து கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைகள். சாக்கு கிழிந்து பறந்துவிட்டது. அதன் தையல் மட்டும் சிமெண்டில் அச்சாக நிற்கிறது. போன ஐப்பசி மழையில் ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. இரவு இரண்டு மணிக்கு அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, மிதந்து வந்த செருப்புகளை எடுத்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். அதில் பாதி எங்கள் வீட்டுச் செருப்பே இல்லை. விடிந்ததும் கரையேறிப் பார்த்தால் ஏரிக்குள் ஆடு மேய்கிறது. கொக்கு எங்கள் தெருவில் நிற்கிறது.

அந்த மூட்டைகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

நடைபாதைக்கு டைல்ஸ், விளக்கு, செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயரோடு சிவப்பு இதயம் போட்ட பலகை எல்லாம் வந்தது, நன்றி. பலகைக்குப் பின்னால் தண்ணீரும் இருந்தால் படம் நன்றாக வரும். மூன்றாவது மனுவுக்கு 'பணிகள் முழுமையாக நிறைவுற்றன' என்று பதில் வந்தது. எழுதியவர் நேரில் வந்து பார்த்திருந்தால், வண்டியை அந்தக் கொட்டகை நிழலில்தான் நிறுத்தியிருப்பார். வேறு நிழல் இல்லை, இருந்த மரங்களைத்தான் நடைபாதைக்காக வெட்டிவிட்டீர்களே. சரி, எங்கோ போகிறேன், மன்னிக்கவும்.

ஒரு பொக்லைன், ஒரு டிப்பர், ஒரு பகல் போதும். இந்த ஐப்பசிக்கு முன் கொட்டகையையும் மூட்டைகளையும் அகற்றிக் கால்வாய் வாயைத் திறந்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடவேண்டாம். பூட்டு துருப்பிடித்துவிட்டது, தட்டினாலே விழுந்துவிடும்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி