கிணற்றைப் பற்றி நான் கேட்கவில்லை

காரைக்கால்

அன்புள்ள மகளுக்கு,

எண்ணெய் தேடி நீங்கள் துளையிட்ட கிணற்றில் என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, மாப்பிள்ளையிடமும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வந்தபோது கணினியில் நீ காட்டிய, நிலத்தடிப் பாறை மேல்நோக்கி வளைந்த அந்த மேல்மடிப்பு மட்டும் கண்ணை விட்டு அகல மறுக்கிறது. நாற்புறமும் சரிந்து, உச்சியில் அதிர்வலையின் அலைவீச்சு பளிச்சென்று தெரிந்த அந்தப் படத்தைப் பார்த்தவர் யாராயிருந்தாலும் அங்கேதான் துளையிடச் சொல்லியிருப்பார்கள். அதை வரைந்தவள் என் மகள் என்பதில் எனக்குப் பெருமைதான். அன்றைக்கும் நான் கேட்டது ஒன்றே: எண்ணெய் விளையும் தாய்ப்பாறையிலிருந்து அது கிளம்பியது எப்போது, அதைப் பிடித்துவைக்கும் பொறி உருவானது எப்போது? "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்றாய்.

ஆய்வகத்தில் பாறைத்தூளோடு காலம் கழித்தவளின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிடாதே. நம் காவிரிப் படுகையின் சாத்தப்பாடிக் களிப்பாறையானாலும் உங்கள் கடலடிக் களிப்பாறையானாலும், எண்ணெய்க்கு மூலமான மொத்தக் கரிமம் நிறைய இருந்தும், பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்று காட்டும் டிமேக்ஸ் அளவு 435 பாகை செல்சியஸுக்குக் கீழே நின்றால், அரிசி இருக்கிறது, உலை இன்னும் கொதிக்கவில்லை என்றுதான் பொருள். அதிர்வலை வடிவத்தைக் காட்டும். உள்ளே இருப்பதற்கு அது பிணை நிற்காது. மணற்கல்லில் வாயு சொற்பமாக இருந்தாலும் நிறைய இருப்பதைப் போலவே அலைவீச்சு பளிச்சிடும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அலாஸ்காவுக்கு அப்பால் முக்லுக் என்ற இடத்தில், கடலில் செயற்கைத் தீவு அமைத்து 1983-இல் துளையிட்டார்கள். குத்தகையோடு சேர்த்து நூறு கோடி டாலருக்கு மேல் செலவானது. பொறியும் இருந்தது, மணற்கல்லும் இருந்தது, அதில் எண்ணெய்க் கறையும் இருந்தது. எண்ணெய் மட்டும் எப்போதோ வெளியேறிவிட்டிருந்தது. காலத்தைப் பார் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வெற்றி வாய்ப்பாகப் பொறிக்கு 0.8, எண்ணெய் தேங்கும் தேக்கப்பாறைக்கு 0.7, அதைக் கசியவிடாத மூடுபாறைக்கு 0.6, தாய்ப்பாறைக்கும் காலத்துக்குமாக 0.5 என்று தாராளமாகப் போட்டாலும், பெருக்கினால் 0.17-ஐத் தாண்டாது. அத்தகைய இடங்கள் ஆறில் ஐந்து வறண்டுதான் போகும். அதற்காக யாரும் வீட்டுக்குப் பேசுவதை நிறுத்திக்கொள்வதில்லை. இருந்தாலும், அந்தக் கடைசி எண்ணை நீ எதை வைத்துப் போட்டாய்? பாறையின் வேக்காட்டைச் சொல்லும் விட்ரினைட் அளவைகளைப் பக்கத்துக் கிணற்றில் பார்த்தாயா, அல்லது படத்தின் அழகை வைத்தே போட்டுவிட்டாயா?

ராஜினாமாக் கடிதம் எதையும் இப்போது அனுப்பிவிடாதே. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. மாப்பிள்ளையைக் கோபிக்கவும் வேண்டாம். முதலில் அந்தக் கிணற்றின் துளைத்தூள் மாதிரிகளைக் கேட்டு வாங்கி, தாய்ப்பாறை இருக்கும் ஆழத்திலிருந்து வரிசையாகச் சோதித்துப் பார். எண்ணெய் கலந்த சேற்றைக் கொண்டு துளையிட்டிருந்தால், கரைப்பானில் நன்றாகக் கழுவிய பிறகே சோதனைக்கு அனுப்பு. இல்லாவிட்டால் சேற்றின் எண்ணெயும் சேர்ந்து அளவில் ஏறிவிடும். முடிவுகள் வந்ததும் எனக்கு அனுப்பு, எண்களாக அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அம்மா