பழைய பெட்டி வந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரயில் கிளைப் பாதைக்கு வேறெங்கோ ஓடிய பெட்டிகள் வந்தால், 'பழசை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்' என்று நம் பக்கத்தில் உடனே பேச்சு கிளம்பும். நானும் அப்படிப் பேசியவன்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் 31 ஆண்டுகள் டீசல் ஃபிட்டராக இருந்தவன் பேசுகிற பேச்சா அது என்று இப்போது தோன்றுகிறது.

மகன் ஜப்பானில் சுகுபா நகரில் வேலை பார்க்கிறான். போன ஏப்ரலில் அங்கே போயிருந்தபோது, கடலோரப் பூங்காவில் நீலப்பூ பார்க்கலாம் என்று மருமகள் கூட்டிப் போனாள். கட்சுதா ஸ்டேஷனில் இறங்கி, அதே பிளாட்பாரத்தில் ஒரு சின்ன கேட்டைத் தாண்டினால் மினாதோ என்ற கிளை ரயில் பாதை. அஜிகௌரா வரை 14.3 கிலோமீட்டர். மேலே மின்கம்பி இல்லை. ஒற்றைப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. பூவெல்லாம் மறந்துபோயிற்று.

வண்டியின் பெயர் கிஹா 11. 'கி' என்றால் டீசல் வண்டி. 'ஹா' அவர்களுடைய பழைய எழுத்து வரிசையில் மூன்றாவது. நம் பழைய மூன்றாம் வகுப்பு மாதிரி. நடு ஜப்பானில் ஓடி முடித்த மூன்று வண்டிகளை 2015இல் இந்தப் பாதையை நடத்தும் சின்னக் கம்பெனி கொண்டுவந்திருக்கிறது. அதே ரகத்தில் இன்னும் சில, சக்கர இடைவெளியைக் குறைத்து மீட்டர் கேஜுக்கு மாற்றி, மியான்மர் போய்ச் சேர்ந்தன. அடியில் கம்மின்ஸ் எஞ்சின். காது கொடுத்துக் கேட்டேன், ஒரு தட்டல் இல்லை. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஓட்டுநர் ஒருவர்தான், ஆளில்லாத ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் அவர் பக்கத்திலுள்ள உண்டியலில் காசைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

மேற்கே மிகி என்ற ஊரில் 2008இல் மூடிய பாதையின் வண்டி ஒன்றும் இங்கே வந்தது. பழைய பெயரையும் வண்ணத்தையும் அழிக்கவில்லை.

இதையெல்லாம்விட என்னை நிற்க வைத்தது அஜிகௌராவில் இருக்கும் கிஹா 222. வடக்கே ஹொக்கைடோவில் நிலக்கரிச் சுரங்க ரயிலுக்காக 1962இல் செய்தது. சுரங்கம் மூடியதும் இங்கே வந்து 2015 வரை ஓடியிருக்கிறது. பனியை வழித்தெறிய முகப்பில் வட்டமாகச் சுழலும் கண்ணாடி. அதிகம் பனி விழாத ஊரில் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். 2021இல் அதைத் தெய்வமாக வைத்து முன்னால் தோரண வாசலும் கட்டிவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்குப் பொட்டு வைத்த கை, தானாகக் கும்பிட்டது. மருமகள் சிரித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முன்பு நடத்திய பஸ் கம்பெனி இந்தப் பாதையை மூடப் பார்த்தது. 2008இல் நகராட்சியும் பங்கு போட்டுப் புதுக் கம்பெனி தொடங்கினார்கள். அதன் தலைவரையே விளம்பரம் கொடுத்துத் தேடினார்கள். 2011 பூகம்பத்தில் தண்டவாளம் நாசமாகி நான்கு மாதத்துக்கு மேல் முழுப் பாதையும் ஓடவில்லை, அதற்கும் மூடவில்லை. 2021இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் புதிதாக ஒரு ஸ்டேஷன் திறந்தார்கள். வண்டி மட்டும் பழசு.

நம் கிளைப் பாதைகளில் மாற்றிச் செய்கிறோம். நீளமான டெமு வண்டியை (தனி எஞ்சின் இல்லாமல், பெட்டியிலேயே டீசல் எஞ்சின் உள்ள ரயில்) எப்போதோ ஒரு நேரம் விட்டுவிட்டு, ஆள் ஏறவில்லை என்று கணக்கு எழுதுகிறோம். மின்மயமான பாதைகளில் வேலையில்லாமல் போகும் டெமு பெட்டிகளை நான்கு நான்காகப் பிரித்து, கிளைப் பாதைகளில் அடிக்கடி ஓட்டினால் என்ன? ஒரு பக்கம் எஞ்சின் பெட்டி, மறுபக்கம் ஓட்டுநர் அறையுள்ள பெட்டி இருந்தால் போதும். அப்புறம், அந்தப் பாதை முடியும் ஊரிலேயே நாலு ஃபிட்டர்களைப் போடுங்கள். ரிப்பேர் என்றால் வண்டியை நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போவதால்தான் பாதி ரத்து.

– ஓய்வுபெற்ற டீசல் ஃபிட்டர், பொன்மலை, திருச்சி