‘வழி நல்லா விட்டிருக்கு’ என்று சொல்லும் மூக்கு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூக்கு ஆபரேஷன் செய்யும் காது, மூக்கு, தொண்டை டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மூக்குத் தண்டு வளைவை நேராக்கி, கூடவே இரண்டு பக்கமும் ‘சதையைக் குறைத்து’ எனக்கு ஆபரேஷன் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. செய்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் யார் என்பதும் இங்கே முக்கியமில்லை. ஆனால் நான்காவது மாதம் செக்கப்புக்குப் போனபோது நடந்ததைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது.

எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். “பாருங்க, எவ்வளவு நல்லா வழி விட்டிருக்கு, இனிமே மூச்சு தாராளமா போகும்” என்றார். திரையில் தெரிந்தது அகலமான, வெறுமையான ஒரு இடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். “டாக்டர், காத்து உள்ளே போற மாதிரியே இல்ல” என்றேன். ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலியைவிட, நான் பொய் சொல்வதாக நினைத்துவிட்டாரோ என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வழி எவ்வளவு அகலம் என்பதும், மூச்சு போகிறது என்று ஒருவருக்குத் தெரிவதும் ஒன்றே அல்ல. இது உங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளே போகும் காற்று மூக்கின் சளிச்சவ்வைக் குளிர்விக்கிறது, அந்தக் குளிர்ச்சியை நரம்பு முனைகள் பிடித்து மூளைக்குச் சொல்கின்றன, அப்போதுதான் நமக்கு ‘மூச்சு வருகிறது’ என்று நிம்மதி. மெந்தால் வாசனையை இழுத்தால் அடைப்பு விட்டது போல இருக்கிறதே, அப்போது மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட அகலமாவதில்லை, குளிர் உணர்வு மட்டும்தான் கூடுகிறது. அந்தக் குளிரை உணரும் ‘டி.ஆர்.பி.எம்.8’ என்ற ஏற்பியை (நரம்பு முனையில் இருக்கும் உணர்வுப் புரதத்தை) மெந்தாலை வைத்தே தனித்தனியாகக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும்தான் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆக, சளிச்சவ்வு குறைந்துவிட்டாலோ, அதன் நரம்பு சரியாகத் திரும்ப வளராவிட்டாலோ, எவ்வளவு காற்று போனாலும் போகாத மாதிரியே இருக்கும். இதற்கு ‘வெற்று மூக்கு நோய்க்குறி’ என்று 1994-லேயே அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த யூஜின் கெர்னும் மோனிகா ஸ்டென்க்விஸ்டும் பெயர் வைத்துவிட்டார்கள். அரிதாக வருவது, உண்மைதான். அரிது என்பதால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது இல்லை என்று ஆகிவிடாதே.

அப்புறம் இந்த ‘சதை’ என்ற வார்த்தை. நம் மொழியில் மூக்குக்குள் வரும் நீர்க்கட்டி போன்ற பாலிப்பையும் சதை என்கிறோம், பிறவியிலேயே மூக்கின் பக்கச்சுவரில் மடிப்பாக இருக்கும் டர்பினேட்டையும் சதை என்கிறோம். “சதை வளர்ந்திருக்கு, எடுத்துடலாம்” என்று நீங்கள் சொன்னால், தேவையில்லாமல் வளர்ந்த ஏதோ ஒன்று, போனால் நல்லது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் குறைத்த அந்த டர்பினேட், காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்பும் உறுப்பு என்பதும், மாறி மாறி ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்குவது அதன் இயல்பு என்பதும் எனக்கு ஆபரேஷனுக்குப் பிறகுதான் தெரிந்தது. தயவுசெய்து இரண்டுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லாதீர்கள். எவ்வளவு எடுக்கப்போகிறீர்கள், எவ்வளவு விட்டுவைக்கப் போகிறீர்கள் என்பதைப் படம் போட்டுக் காட்டுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. ஆபரேஷன் முடிந்து மேல் வரிசை முன்பற்கள் இரண்டும் என்னுடையவையே இல்லை என்பது போல மரத்துக் கிடந்தன. பயந்துபோய் பல் டாக்டரிடம் ஓடி எக்ஸ்ரே எடுத்தேன். அந்தப் பற்களுக்குப் பின்னால் அண்ணத்துக்குப் போகும் நரம்பு மூக்கின் நடுச்சுவரை ஒட்டித்தான் இறங்குகிறது, அது சிலருக்குச் சில வாரமோ சில மாதமோ மரத்துவிட்டுப் பெரும்பாலும் திரும்பி வரும் என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எனக்கு மூன்றாவது மாதம் சரியானது.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவச் சொன்னீர்கள், எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் குழாய்த் தண்ணீரையே நேராக விட்டேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ, காய்ச்சி வடித்த தண்ணீரோதான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் மூளையைத் தாக்கும் அமீபாகூட அந்த வழியாகப் போக முடியும் என்று பின்னால் படித்தபோது கை நடுங்கியது. அதே மாதிரி, அடைப்பு என்று நினைத்து ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தை மூன்று வாரம் விட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாளைக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது எப்படிச் சமாளிக்கிறேன் என்றால், காலையில் எழுந்ததும் உப்புத் தண்ணீர்தான் முதல் வேலை. சுண்டுவிரல் நகம் அளவுக்குக் காய்ந்த பொருக்கு ஒன்று வரும். அதைப் பிய்த்து எடுத்தால் ரத்தம் வரும் என்று பட்டுத் தெரிந்துகொண்டதால், ஊறித் தானாக வரும்வரை இரண்டு மூன்று தடவை கழுவிக்கொண்டே இருப்பேன். படுக்கும் முன் சலைன் ஜெல், பக்கத்தில் காற்றை ஈரமாக்கும் கருவி. இதெல்லாம் இருந்தும் சில இரவுகளில் தண்ணீருக்குள் மூழ்குவது போல விழித்துக்கொள்வேன். அப்போது எழுந்து உட்கார்ந்து, மூக்குத் துளைக்குக் கீழே விரலை வைத்துக் காற்று விரலில் படுகிறதா என்று பார்ப்பேன். படும். விரலுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் மட்டும் பயம் கொஞ்சம் இறங்கும். பதற்றத்துக்கு ஆலோசனைக்கும் போகிறேன், அது உதவுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மூச்சு வராததால் பதற்றம் வந்தது, பதற்றத்தால் மூச்சு வராமல் போகவில்லை. அந்த வரிசையை மாற்றிச் சொல்லி எங்களை மனநல டாக்டரிடம் அனுப்பாதீர்கள்.

பத்தாவது மாதம் வேறொரு டாக்டர் எனக்குச் செய்தது மிகச் சாதாரணமான ஒன்று. ஆறு கேள்விகள் கேட்டார்: வறட்சி, காற்று குறைவாகப் போகிற உணர்வு, மூச்சுத் திணறல், மூக்கு அளவுக்கு மீறித் திறந்திருக்கும் உணர்வு, பொருக்கு, எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 30-ல் 11 வந்தாலே சந்தேகப்பட வேண்டுமாம், எனக்கு 21 வந்தது. பிறகு ஈரப் பஞ்சை டர்பினேட் இருந்த இடத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். வழியை அடைக்கும் பஞ்சு அது. அதை வைத்த பிறகுதான், ஆபரேஷனுக்குப் பின் முதல்முறையாக, மூச்சு உள்ளே இறங்குவதை உணர்ந்தேன். அழுதுவிட்டேன். அந்த இடத்தை ஜெல் ஊசியாலோ குருத்தெலும்பாலோ கொஞ்சம் நிரப்பும் சிகிச்சை இருக்கிறது என்றார், எல்லோருக்கும் பலன் தராது என்பதையும் சேர்த்தே சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் அவரை நம்புகிறேன்.

மூக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் அதிகம், என் அக்காவே அதில் ஒருத்தி. நான் கேட்பது, அந்த ஆறு கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்து உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பு ஒரு தடவை, மூன்றாவது மாதம் ஒரு தடவை, ஆறாவது மாதம் ஒரு தடவை நிரப்பச் சொல்லி அதை ஃபைலில் வையுங்கள். திரையில் வழி நன்றாகத் தெரிந்தாலும் எதிரே இருப்பவர் வாயால் மூச்சு விடுகிறாரா என்று ஒரு தடவை அவர் முகத்தையும் பாருங்கள்.

அடுத்த மாதம் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே மறுபடியும் போகிறேன். அந்த 21 மதிப்பெண் தாளையும், பஞ்சு வைத்த அன்று என்ன உணர்ந்தேன் என்று எழுதிவைத்த பக்கத்தையும் கொண்டுபோகிறேன். இந்தத் தடவை அவர் உட்காரச் சொல்லிக் கேட்டால் போதும்.