மாங்குளம் – ஒட்டுசுட்டான் பக்க சைக்கிள் முகாம்: சாமான் விபரம்

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை 18 சனி காலை 5.30, மாங்குளம் சந்தி. ஞாயிறு மதியம் திரும்புவம்.

1. சாமான் 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். பாரமானதைக் கரியரின் இரு பக்கமும் சமமாக, கீழே கட்டுங்கோ. மேலே கட்டினால் மணலில் முன் சில்லு ஆடும்.

2. கரியர் நட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கோ. கிறவல் ரோட்டுக் குலுக்கலில் முதலில் கழருவது அதுதான். இறப்பர் பட்டி மட்டும் காணாது, கயிறும் வேணும்.

3. ரயர் காத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். அதிகம் குறைத்தால் கல்லில் அடிபட்டு ரியூப்பில் பக்கத்துப் பக்கமாய் இரண்டு ஓட்டை விழும், ஒட்டுப்போட ஒன்று போதாது.

4. ஆளுக்கு: ரியூப் 2, ஒட்டுச் சாமான், பம்ப், பின்சில்லுக் கம்பி 3, தண்ணி 5 லீற்றர். இந்தக் காலத்து வறண்ட கச்சான் காத்துக்கு இதுவும் குறைவுதான்.

5. குளக்கரையில் கூடாரம் இல்லை; பொழுதுபட யானை தண்ணிக்கு வரும். தெரிந்த ஒருவரின் வளவில் தங்குவம்.

6. பாதையை விட்டு காட்டுக்குள் இறங்கவே கூடாது. மண்டையோட்டுப் பலகை இல்லாத இடத்திலும் மிதிவெடி இருக்கலாம்.

வாறவை புதன் இரவுக்குள் பெயரோடு, ரயர் அளவையும் போடுங்கோ. ஒரே அளவுக்காரர் ரியூப்பைப் பகிரலாம்.